நனைந்த மூட்டைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டவர்

ஆவுடையப்பன் இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் கடையம் பஸ்ஸின் கண்டக்டர். தென்காசியில் வண்டியை நிறுத்திவிட்டு, இலஞ்சி சாலையில் இருக்கும் எங்கள் அரிசி மில் வரைக்கும் நடந்தே வந்திருந்தார். வாசலில் என்னைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நம்ம ஆவுடையப்பன் அண்ணாச்சி காலையில போயிட்டாவ சார். நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னாவளாம். வெந்நி வச்சுக் கொண்டாரதுக்குள்ள முடிஞ்சிட்டு. உங்களுக்குச் சொல்லிரச் சொல்லி அவுக வீட்டு அக்காதான் ஆள் அனுப்பினாவ."

துக்கம் வருவதற்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. அந்த அக்கா, அவர் மனைவி கோமதி, என்னை எப்படிப் பார்க்கப்போகிறார் என்ற பயம். பஸ் கடையம் போய்ச் சேரும் வரை அந்தப் பயம் போகவில்லை. அவரை அறிந்த உங்களில் பலருக்கு அவர் ஒரு நல்ல ஃபிட்டர். சிலருக்குப் பம்பு செட்டைப் பழுது பார்த்துக் கொடுத்தவர். எனக்கு அவர் யார் என்பதை நான் இதுவரை பொதுவில் சொன்னதில்லை. இப்போதும் சொல்லாமல் விட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும்.

ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தவர் அவர். யுத்தத்தில் அங்கிருந்து கிளம்பிய கூட்டத்தோடு கால்நடையாகவே ஊர் திரும்பியிருந்தார். எங்கள் மில்லில் சேர்ந்தபோது நான் அங்கே எலக்ட்ரிக் சூப்பர்வைசர். சென்னையில் படித்து சர்ட்டிபிகேட் வாங்கியவன் என்ற எண்ணம் என் நடையிலேயே தெரியும். அவருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அவர் என்னை 'சார்' என்பார்.

எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அவருக்குக் கவலை. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் மேல் புறங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். போல்ட்டை முறுக்கிவிட்டுப் பத்தடி நடப்பார். திரும்பி வந்து மறுபடி முறுக்கிப் பார்ப்பார். மில்லில் அவருக்குப் 'பயந்தாங்கொள்ளி ஃபிட்டர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "பயப்படுதவன் ஒருத்தன் இருந்தாத்தான் மத்தவுக நிம்மதியா வேலை பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

பாபநாசத்து மின்சாரம் எங்கள் பக்கம் வந்த புதிதில் முதலாளிக்கு ஓர் ஆசை பிறந்தது. அவித்த நெல்லைக் களத்தில் காயப்போட்டு, மூட்டை கட்டி, ஆட்கள் தலையில் சுமந்து மேல்மாடிக் கிடங்குக்கு ஏற்றுவார்கள். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் இலஞ்சியில் கால் மணியில் விழும். அதற்குள் ஒரு களத்து நெல்லையும் அள்ளி ஏற்றுவது நடக்காத காரியம். ஆகவே களத்திலிருந்து மாடிக்குச் சரிவாக ஒரு பெல்ட் போட்டு, மோட்டார் வைத்து, மூட்டைகளை அதில் ஏற்றிவிட வேண்டும் என்றார். அறுபது அடி நீளம், இருபத்துநாலு அடி உயரம். எத்தனை குதிரைச் சக்தி மோட்டார் வேண்டும் என்று கணக்குப் போடும் வேலை என்னிடம் வந்தது.

அரைமணி நேரத்தில் போட்டு முடித்தேன். ஆறடிக்கு ஒரு மூட்டை, ஆகப் பெல்ட்டில் ஒரே சமயத்தில் பத்து மூட்டை. மூட்டைக்கு நூற்று அறுபது ராத்தல். சரிவில் பத்தையும் மேலே தூக்க அறுநூற்று நாற்பது ராத்தல் விசை. நிமிஷத்துக்கு அறுபது அடி வேகம். எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் குதிரைச் சக்திகூட வரவில்லை. உருளைகளில் தேய்மானம், இதர விரயம் என்று தாராளமாக விட்டு, மூன்று ஹெச்.பி. மோட்டார் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த யுத்த காலத்தில் பர்மிட்டு வாங்கி அந்த மோட்டார் வந்து சேர ஒன்பது மாதம் ஆயிற்று. பெல்ட்டுக்கு அடியில் வைக்க வேண்டிய இரும்பு உருளைகள் வரவே இல்லை. தச்சரைக் கூப்பிட்டுப் பலகை அடித்து, பெல்ட் அதன்மேல் உரசிக்கொண்டு போகட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன். கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவருக்குத் தோன்றிவிட்டது. ஒரு மத்தியானம் என் மேஜைக்கு வந்து, சிமெண்ட் சாக்குத் தாளில் பென்சிலால் எழுதிய கணக்கை வைத்தார்.

"சார், நீங்க தூக்குத பாரத்தை எழுதியிருக்கிய. இழுக்குத பாரத்தை எழுதலை."

"என்னவே சொல்லுதீரு?"

"முன்னால கணக்குல உருளை இருந்துச்சு. இப்பம் பலகையில்லா. ஆயிரத்து அறுநூறு ராத்தலைப் பலகை மேல தேச்சு இழுக்கணும். தூக்குததுக்கு எம்புட்டோ, கிட்டத்தட்ட அம்புட்டு விசை இதுக்கும் வேணும். அதுவும் காஞ்ச மூட்டைக்கு. மூட்டை நனைஞ்சா பாரம் கூடும். அஞ்சு ஹெச்.பி. இல்லாம முடியாது சார்."

கணக்கு சரியாக இருந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்கு அது தெரிந்தது. ஒன்பது மாதம் காத்திருந்து வாங்கிய மோட்டார் பொருந்தாது என்று முதலாளியிடம் போய் நான் எப்படிச் சொல்வேன்? "பத்து மூட்டை ஏத்தவேண்டாம், ஆறு ஏத்தினாப் போதும். பாரம் குறைஞ்சிரும்" என்றேன்.

"சாரல் வந்துட்டா யாரு சார் ஆறு ஆறா எண்ணி ஏத்துவா?" என்றார். பிறகு அவரே மேலும் சொன்னார். "இன்னொண்ணு இருக்கு. பலகை மோட்டாருக்கு எதிரா நிக்குதுன்னு நாம நெனைக்கோம். மோட்டார் நின்னுட்டா, பாரத்தைக் கீழ வழுக்க விடாமப் பிடிச்சுக்கிடுததும் அந்தப் பலகைதான். நனைஞ்சா பிடிக்காது."

பெல்ட் பின்னால் ஓடாமல் இருக்க ஒரு பற்சக்கரமும் அதில் விழுந்து தடுக்கும் இரும்பு நாக்கும் வைத்திருந்தோம். அதை நான் மோட்டார் பக்கத்து அச்சில் மாட்டச் சொல்லியிருந்தேன். அங்கேதான் மாட்டுவது சுலபம். அந்த அச்சிலிருந்து, மாடி முனையில் பெல்ட்டைச் சுற்றி இழுக்கும் மேல் உருளைக்கு ஒரு தோல் வார் போகிறது. என் பழைய கணக்கு சொன்ன விசைக்குத் தகுந்த அகலம்தான் அந்த வாருக்கும். வார் கழன்றுவிட்டால் நாக்கு இருந்தும் பிரயோஜனமில்லை, உருளை தன்னிஷ்டத்துக்குச் சுற்றும் என்றார் ஆவுடையப்பன். "நாக்கை உருளை அச்சுக்கு மாத்திருவோம். ஒரு நாள் வேலை. ஒரு நாள் மட்டும் தாங்க சார்."

நான் கொடுக்கவில்லை. மறுநாளே முதலாளி ஓட்டிப் பார்க்க நாள் குறித்திருந்தார்.

ஓட்டிப் பார்த்த அன்று நல்ல வெயில். பெல்ட்டில் ஆறு மூட்டை ஏற்றி, பாதி வழியில் மோட்டாரை நிறுத்திவிட்டு வாரைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆவுடையப்பன் பிடிவாதம் பிடித்தார். கழற்றினார்கள். பெல்ட் அசையவில்லை. ஆறு மூட்டையும் சரிவில் அப்படியே உட்கார்ந்திருந்தன.

"பாத்தீராவே? கல்லு மாதிரி நிக்குது!" என்று முதலாளி சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

"வெயில்ல நிக்குது மொதலாளி" என்றார் ஆவுடையப்பன். அதற்கும் சிரித்தார்கள்.

அவர் வாளியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து, பெல்ட்டின் அடிமுனையைச் சுற்றிக் களத்தில் பெரிய அரைவட்டமாக ஒரு கோடு போட்டார். மூட்டையைப் பக்கவாட்டிலிருந்து வைக்க வேண்டும், கோட்டுக்குள் யாரும் நிற்கக் கூடாது என்றார். நெல் கிண்டும் பெண்களில் முத்தம்மாள் வாயாடி. "ஏட்டி, இங்கன பாரு, அண்ணாச்சி கோலம் போடுதாவ!" என்று கூவினாள். அவர் அதையும் பொறுத்துக்கொண்டு கோட்டை முடித்தார்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பத்து நாளும் நான் மில்லில் இருக்கும் நேரமெல்லாம் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவுடையப்பனும் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் பிற்பகலில் சாரல் திடீரென்று பிடித்துக்கொண்டது. களம் முழுக்க நெல். பெண்கள் ஓடி ஓடி அள்ளினார்கள். ஆட்கள் மூட்டை கட்டிப் பெல்ட்டில் தூக்கிப் போட்டார்கள். யாரும் எண்ணவில்லை. ஒரு மூட்டையின் முதுகில் அடுத்த மூட்டை இடித்துக்கொண்டு ஏறியது. கீழே களத்தில் சுவிட்சுப் பக்கத்தில் நின்ற ஆவுடையப்பன், "போதும், போதும்வே! இடைவெளி விடுங்க!" என்று கத்துவது மாடியில் நின்ற எனக்குக் கேட்டது. முதலாளி குடையோடு களத்தில் நின்று, "ஏத்துங்கலே, ஏத்துங்க!" என்று கத்துவதும் கேட்டது. என் பக்கத்தில் மோட்டார் அடிக்குரலில் உறுமத் தொடங்கியது. நான் போய் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். இன்னும் நாலு மூட்டைதானே என்று நின்றேன்.

டப்பென்று ஒரு சத்தம். தோல் வார் சக்கரத்திலிருந்து எகிறிச் சுவரில் அடித்து விழுந்தது. பாரம் போன மோட்டார் விசில் அடிப்பதுபோல் வேகம் பிடித்துச் சுற்றியது. உருளை ஒரு கணம் நின்றது. பிறகு பின்னால் திரும்பிற்று. முதலில் மெதுவாக. அப்புறம் கண்ணால் தொடர முடியாத வேகத்தில்.

முத்தம்மாள் அப்போது கோட்டுக்கு உள்ளே இருந்தாள். பெல்ட்டிலிருந்து உருண்டு விழுந்த ஒரு மூட்டையை இழுக்கக் குனிந்திருந்தாள். "ஏட்டி, ஓடு!" என்று அலறிக்கொண்டு ஆவுடையப்பன் பாய்ந்து, அவள் இடுப்புச் சேலையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். இருவரும் சேற்றில் விழுந்தார்கள். மேலிருந்து வந்த முதல் மூட்டை அவள் தோளைத் தட்டிக்கொண்டு போயிற்று. அடுத்தடுத்து வந்த மூட்டைகள் அவள் குனிந்திருந்த இடத்தில் வந்து வந்து விழுந்து கிழிந்தன. நான் மாடிப்படியில் இறங்கி வருவதற்குள் பெல்ட் காலியாகிவிட்டது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு முத்தம்மாள் அழுதாள். அந்த அழுகை எனக்கு அப்போது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை எப்படிச் சொல்வேன்!

காரை எலும்பு முறிந்திருந்தது. வண்டி கட்டி அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஈர வேட்டியோடு நின்றோம்.

"யாருவே கணக்குப் போட்டது?" என்று கேட்டார்.

நான் வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"ரெண்டு பேரும் பாத்த கணக்குதான் மொதலாளி" என்றார் ஆவுடையப்பன். "இது தாங்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சுவிட்சைப் போட்டேன்."

அவர் என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. தன் பங்கை மட்டும் சொன்னார். என் பங்கை நான் சொல்வேன் என்று என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் காத்திருந்தார். நான் சொல்லவில்லை. "தெரிஞ்சே போட்டீராக்கும்? அப்பம் நாளையிலேயிருந்து வரவேண்டாம்" என்றார் முதலாளி. ஆவுடையப்பன் தலையசைத்தார். தன் ஸ்பானர்களைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, மழை விடும்வரைகூட நிற்காமல் போய்விட்டார்.

அதற்குப் பின் வந்த இரண்டு மாதங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று விவரிக்க விருப்பமில்லை. முதலாளி கூப்பிடும்போதெல்லாம் தெரிந்துவிட்டதோ என்று பயம். கூப்பிடாவிட்டால், தெரிந்துதான் கூப்பிடவில்லையோ என்று பயம். அந்தச் சிமெண்ட் தாள் என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. கிழிக்கவும் மனம் வரவில்லை. வெளியே எடுக்கவும் தைரியம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடையத்துக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டு முற்றத்தில் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க சார்" என்று எழுந்தார். முகத்தில் கோபமே இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கு என்னுடையது, ஒரு நாள் கேட்டபோது மறுத்தவன் நான், அன்றைக்கு வாய் திறக்காதவனும் நான் என்று. அவர் கையில் இருந்த வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரம் நின்ற கோமதிதான் பேசினார்.

"இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி எங்ககிட்ட வந்து சொல்லுதியளே. எங்களுக்குத்தான் தெரியுமே. தெரிய வேண்டிய எடத்துல சொன்னியளா?"

"ஏய், சும்மா இரு" என்றார் அவர்.

"நான் சும்மாத்தான் இருக்கேன். கேக்கத்தான் செய்தேன்" என்று சொல்லிவிட்டுக் கோமதி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் காலையில் முதலாளியின் முன் அந்தத் தாளை வைத்தேன். அவர் படித்தார். வேலை போகும் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். கடைசியில் அவர் கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி. "அஞ்சு ஹெச்.பி. வேணும்னு அன்னைக்கே எங்கிட்ட ஏன்வே கேக்கலை? நம்ம குற்றாலத்துத் தோட்டத்துல பம்புக்கு ஒண்ணு ஓடிக்கிட்டுத்தானே இருக்கு. மாத்தியிருக்கலாமே."

கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் கேட்க வேண்டுமானால், என் கணக்கு தப்பு என்று முதலில் சொல்லியாக வேண்டும். ஒரு பெண்ணின் எலும்பு முறிந்ததும் ஒரு மனிதனின் வேலை போனதும் அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லாததால்தான்.

"அவரைப் போய்க் கூட்டிட்டு வாரும்" என்றார் முதலாளி.

அவர் உடனே வந்துவிடவில்லை. வந்தபோது ஒரு நிபந்தனையோடு வந்தார்: மழை பெய்வதற்கு முன்னாலேயே மழையை வைத்துச் சோதனை செய்ய வேண்டும். ஐந்து ஹெச்.பி. மோட்டாரை மாட்டினோம், வாரை அகலமாக்கினோம், நாக்கை உருளை அச்சுக்கே மாற்றினோம். பிறகு வாய்க்காலிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து பலகையிலும் மூட்டைகளிலும் ஊற்றினார்கள். பதினான்கு மூட்டையை நெருக்கமாக ஏற்றி, பாதி வழியில் நிறுத்தி, வாரைக் கழற்றச் சொன்னார். களத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. உருளை அரை அங்குலம் பின்னால் நகர்ந்தது. நாக்கு 'ணங்' என்று பல்லில் விழுந்தது. நின்றுவிட்டது.

நான் மூச்சு விட்டேன். அவர் விடவில்லை. அருகே போய் நாக்கின் மேல் புறங்கையை வைத்துக் கண்ணை மூடி நின்றார். "அண்ணாச்சி, போதும்" என்றேன். அன்றுதான் முதல்முதலாக அவரை அப்படிக் கூப்பிட்டேன். "இன்னொரு தடவை பாத்துருவோம் சார்" என்றார். மூன்று தடவை பார்த்தோம்.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் இருவரும் சேர்ந்து வேலை செய்தோம். என் கணக்குகளை அவர் பார்ப்பார். அவர் கணக்குகளை நான் பார்ப்பேன். அந்தப் பெல்ட் யார் மேலும் ஒரு கீறல்கூடப் போடவில்லை. பழைய விஷயத்தை அவர் ஒருநாளும் எடுக்கவில்லை. நான் ஒரு முறை எடுத்தபோது, "நீங்க சொன்னது லேட்டுதான் சார். சொல்லாம இருந்திருந்தா அது வேற" என்று மட்டும் சொன்னார்.

கடையத்தில் அவர் உடலுக்கு முன்னால் நின்றபோது முத்தம்மாளும் வந்திருந்தாள். தோள் ஒரு பக்கம் சற்று இறங்கியிருக்கிறது; மற்றபடி நன்றாக இருக்கிறாள். "என் தகப்பன் மாதிரில்லா சார்" என்று அழுதாள். நான் அவ்வளவு பயந்த கோமதி என்னைப் பார்த்து, "சாப்பிட்டியளா, சேதி கேட்டதும் கெளம்பியிருப்பிய" என்று கேட்டார். எனக்கு அங்கேதான் அழுகை வந்தது.

அவருடைய திறமையில் பாதிகூட எனக்கு வராது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய பயத்தைத்தான். அதை நான் மறைப்பதில்லை.

போன வாரம் செங்கோட்டையிலிருந்து ஒரு மரக்கடைக்காரர் வந்தார். அறுத்த பலகைகளை லாரிக்கு ஏற்ற ஒரு பெல்ட் போடப்போகிறாராம். எத்தனை ஹெச்.பி. என்று கையோடு எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே மெட்ராஸுக்குத் தந்தி அடித்துவிடுவேன் என்றார்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"என்ன சார், உங்களுக்கே தெரியாதா?"

"இப்பம் தெரியாது. எடத்தை வந்து பாக்கணும். நாலு நாள் வேணும்."

அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுந்தார். வாசல் வரைக்கும் போய் ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தார். ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவிடு என்று நாக்கு துடித்தது. நான் சொல்லவில்லை.